முதல் காசு காலுக்கு

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் கொலிங்வூட். அதை ஒட்டி புளூ மவுண்டன் சறுக்குமலை. அடிவாரக் கட்டடத்து வாங்குகளில் பிள்ளைகள் வரிசையாக இருக்க, தாய் தகப்பன்மார் நிலத்தில் முழந்தாளிட்டு பூட்ஸ் கொக்கிகளை இழுத்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் நம் பிள்ளைகளையும் காண்கிறேன். பாடசாலைப் பயணத்தோடு தொடங்கும் பனிச்சறுக்கு, இரண்டு மூன்று வருடத்தில் சாதாரணச் சரிவு அலுத்துப்போய், அவர்களை டெரெய்ன் பார்க் பக்கம் இழுத்துவிடுகிறது. பனியைக் குவித்துக் கட்டிய ஜம்புகள், வழுக்கிக்கொண்டு போகும் இரும்பு ரெயில்கள், பிளாஸ்டிக் தகடு போர்த்திய பொக்ஸுகள் என்று அது ஒரு தனி உலகம். ஃப்ரீஸ்டைல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆலோசனைகளும் அங்கேதான் தொடங்குகின்றன. லிஃப்டில் பக்கத்தில் இருந்த அண்ணா சொன்னது, வகுப்புத் தோழன் சொன்னது, கழிவு விலை விற்பனையில் நின்ற பையன் சொன்னது என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும். அவற்றில் பல அரை உண்மைகள். அவற்றை நம்பி வாங்கிய பூட்ஸும் ஸ்கீயும் காசோடு நிற்பதில்லை, முழங்காலிலும் கணுக்காலிலும் கணக்குத் தீர்க்கும். அடிக்கடி காதில் விழும் ஒன்பது நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை 1: "நல்ல ஸ்கீயாகப் பார்த்து வாங்கு. மிச்சக் காசில் பூட்ஸ் எடுக்கலாம்."

உண்மை: வரிசை தலைகீழாக இருக்கிறது. உடம்பு நினைப்பதை ஸ்கீக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பூட்ஸ். முழங்கால் மடிந்தால் கீழ்க்கால் பூட்ஸின் நாக்கை அழுத்த வேண்டும்; பாதம் சரிந்தால் பூட்ஸின் சுவர் சரிய வேண்டும்; அதன் பிறகுதான் பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங், அதன் பிறகுதான் ஸ்கீ. உள்ளே குதிக்கால் அரை அங்குலம் மிதந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கீயும் சொன்னதைக் கேட்காது.

கையில் இருக்கும் காசு அளவானது என்றால் பூட்ஸைப் புதிதாக எடுங்கள், ஸ்கீயைப் பழையதாக வாங்குங்கள். பழைய ஸ்கீயைச் சோதிப்பது கடினமான வேலை இல்லை. இரும்பு விளிம்பை அடி முதல் நுனி வரை கண்ணால் தொடர்ந்து வாருங்கள். பாதத்துக்குக் கீழே வெடிப்பு இருக்கிறதா, பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா, அடிப்பரப்பில் உள்மரம் தெரியுமளவுக்குக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பைண்டிங்கின் வயதையும் கேளுங்கள். தயாரித்த நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய பைண்டிங்கை இங்குள்ள கடைகள் சரிசெய்துதர மறுத்துவிடும். பழைய பூட்ஸின் கதை வேறு. அதன் உள்ளுறை ஏற்கெனவே இன்னொருவருடைய காலின் வடிவத்துக்குப் படிந்துபோயிருக்கும். பிளாஸ்டிக்கும் வயதாக ஆக உறுதி இழக்கும்.

நம்பிக்கை 2: "ஒரு அளவு பெரிதாக எடுத்தால் கால் வசதியாக இருக்கும். வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடம் ஓடும்."

உண்மை: நான் பார்த்தவற்றுள் மிகுந்த துன்பம் தருவது இந்த நம்பிக்கைதான். என் பெறாமகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு கடையில் அவனுடைய சப்பாத்து அளவைக் கேட்டார்கள், வளர்ச்சிக்கென்று இன்னும் கொஞ்சம் கூட்டி 27.5 அளவு பூட்ஸைக் கொடுத்தார்கள். காலை அளந்து பார்க்கவில்லை. முதல் நாள் மதியமே ஓரமாக வந்து குந்திவிட்டான். "சின்னம்மா, விரல் இருக்கிறதே தெரியேல்லை" என்றான். பூட்ஸைக் கழற்றினால் விரல்கள் வெளிறிக் கிடந்தன, கீழ்க்கால் எலும்பின் மேல் நீளமாகக் கண்டியிருந்தது.

பெரிய பூட்ஸுக்குள் கால் எப்படி விறைத்துப்போகும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு பூட்ஸ் பொருத்துவதையே தொழிலாகச் செய்யும் ஒருவர் விளங்கப்படுத்தினார். உள்ளே கால் ஆடுகிறது, ஆட்டத்தை நிறுத்தப் பிள்ளை கொக்கிகளைக் கடைசிப் பல் வரை இறுக்குகிறான், பாதத்தின் மேற்புறத்தில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, விரல் குளிர்கிறது. குதிக்கால் மேலெழும்ப, கீழ்க்கால் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் முன்சுவரில் போய் மோதுகிறது. அவர் பலகையில் நிற்க வைத்து அளந்தபோது அவனுடைய கால் 25.6 சென்டிமீட்டர். ஸ்கீ பூட்ஸின் மொண்டோபொயின்ட் அளவு என்பது பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதுதான். அவனுக்கு வேண்டியது 25.5. இரண்டு சென்டிமீட்டர் பெரிய பூட்ஸில் அவன் ஒரு பருவத்தைத் தொடங்கியிருக்கிறான்.

அவர் செய்த சோதனையை நீங்களும் எந்தக் கடையிலும் செய்யலாம். உள்ளுறையை முழுதாக வெளியே எடுங்கள். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரை மெல்லத் தொடும்படி முன்னே தள்ளி, முழங்காலைச் சற்று மடித்து நில்லுங்கள். இப்போது குதிக்காலுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தால் தொடங்குபவருக்குச் சரி. மூன்று விரல் போனால் அந்தப் பூட்ஸை வைத்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் 26, 26.5 போன்ற அடுத்தடுத்த அரை அளவுகளுக்கு வெளிக்கூடு ஒன்றே என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து உள்ளுறையைப் போட்டுக் காலை விட்டு, குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்கு அமர்த்தி, கணுக்கால் பக்கத்துக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் உரச வேண்டும். முழங்காலை மடித்ததும் அந்த உரசல் விலக வேண்டும். கடைக்குள் கால் மணி நேரமாவது அப்படியே நடந்து பாருங்கள். புதிய உள்ளுறை சில நாளில் அமுங்கி இடம் கொடுக்கும். கடையிலேயே தொளதொளவென்று இருப்பது பனியில் இன்னும் தொளதொளக்கும். காலின் அகலத்தையும் பாருங்கள். 98 மில்லிமீட்டர், 100, 102 என்று பூட்ஸுகளுக்கு முன்பாத அகலம் குறித்திருப்பார்கள்; அகலம் போதாததை நீளத்தைக் கூட்டி ஈடுசெய்யக் கூடாது.

வளரும் பிள்ளைக்கு வழி இல்லாமல் இல்லை. பருவம் முழுவதற்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் கனடாவில் நிறைய உண்டு. வருடா வருடம் அளந்து மாற்றுங்கள்.

நம்பிக்கை 3: "குளிருக்கு இரண்டு சோடி தடித்த காலுறை போட வேண்டும்."

உண்மை: ஒரு சோடி, மெல்லியது, முழங்கால் வரை நீண்டது. பருத்தி வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிர வைக்கும். சூடு தருவது உள்ளுறையும் ஓடுகின்ற இரத்தமும்தான். இரண்டாவது காலுறை மடிப்பு விழுந்து அழுத்தும், அந்த ஓட்டத்தையும் கெடுக்கும்.

நம்பிக்கை 4: "பார்க்குக்கு மெத்தென்ற பூட்ஸ்தான் வேண்டும். பெண் பிள்ளைக்கு அதைவிட மெத்தென்று."

உண்மை: பூட்ஸின் விறைப்பைச் சொல்வது ஃபிளெக்ஸ் எண். 70, 90, 110 என்று போட்டிருப்பார்கள். இந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 90 ஆக இருக்கலாம். கடையின் சூட்டில் இளகியிருக்கும் பிளாஸ்டிக், பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையில் இன்னும் விறைக்கும்.

மிக மென்மையான பூட்ஸ் ரெயிலில் சுகமாகத் தெரியும். ஜம்பிலிருந்து இறங்கும்போது அதன் குறை வெளிப்படும். உடம்பின் பாரம் ஒரே நொடியில் கீழே வர, பூட்ஸ் மடங்கிப்போய் ஆளை முன்னே கொட்டிவிடும், அல்லது பின்சாய்ந்தவரைத் தாங்காமல் விட்டுவிடும். நடுத்தர உடல்வாகுள்ளவருக்கு 90 முதல் 110 வரை நல்ல தொடக்கம். எடை குறைந்தவருக்கு 80 பக்கம் போகலாம். எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், கொக்கிகளை மாட்டி முன்னே அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு சீராகக் கூடிக்கொண்டு போக வேண்டும், திடீரென்று சுவரில் முட்டியதுபோல் நிற்கக் கூடாது.

பார்க்கில் பலர் விரும்பும் மூன்று துண்டுப் பூட்ஸ் இந்தச் சீரான எதிர்ப்புக்குப் பேர் போனது. கீழ்க்கூடு, மேல்பட்டை, தனி நாக்கு என்று மூன்று பாகம். நாக்கை மாற்றினால் விறைப்பு மாறும் வகைகளும் உண்டு. ரைக்லே நிறுவனத்தின் ஃபிளெக்ஸான் என்ற பழைய வடிவமைப்பின் வழியில்தான் ஃபுல் டில்ட் பூட்ஸுகள் வந்தன. இன்று அந்த வகை கே-2 நிறுவனத்தின் பெயரில் விற்கிறது. டால்பெல்லோவும் மூன்று துண்டு செய்கிறது. ஆனாலும் உங்கள் காலுக்குப் பொருந்தாத மூன்று துண்டைவிடப் பொருந்துகின்ற இரண்டு துண்டு மேல். குதிக்காலின் கீழே அதிர்ச்சி தாங்கும் பலகை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தட்டையான இடத்தில் விழுந்து குதிக்கால் கண்டிப்போவது பார்க்கில் சர்வசாதாரணம்.

பெண்களுக்கான பூட்ஸின் மேல்பட்டை தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பல பெண்களுக்கு ஆடுதசை கீழே வரை இறங்கியிருக்கும். அது வடிவம் பற்றிய விஷயம், வலிமை பற்றியது இல்லை. பெண்களின் வலிமைக்குச் சான்று ஒன்ராறியோவின் பாரி நகரில் பிறந்த ஃப்ரீஸ்டைல் வீராங்கனை சாரா பேர்க். அரைக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் ஓட்டும் ஹாஃப்பைப் ஸ்கீயை ஒலிம்பிக்கில் சேர்க்கப் போராடியவர். பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் போட்டியிட வேண்டும் என்று நின்றவர். பயிற்சியில் விழுந்து 2012 ஜனவரியில் இறந்தார். 2014 இல் சோச்சியில் ஸ்கீ ஹாஃப்பைப்பும், ரெயிலும் ஜம்பும் கலந்த ஸ்கீ ஸ்லோப்ஸ்டைலும் ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது, ஆண்களோடு பெண்களுக்கும் அந்தப் போட்டிகள் இருந்தன. அவர் திறந்துவிட்ட வழியில் வரும் பெண் பிள்ளைக்குப் பூட்ஸை அவளுடைய எடையையும் பலத்தையும் பார்த்து எடுங்கள்.

நம்பிக்கை 5: "ஸ்கீ எவ்வளவு கட்டையோ அவ்வளவு சுலபம்."

உண்மை: முதன்முதலாக ஸ்கீ பழகுபவருக்கு இது ஓரளவு பொருந்தும். பார்க்குக்கு வருபவர் ஏற்கெனவே திரும்பவும் நிறுத்தவும் தெரிந்தவர். அவருக்கு இறங்கி நிற்க ஒரு தளம் வேண்டும். பார்க் ஸ்கீயின் வால்பக்கமும் முன்பக்கம்போல மேலே வளைந்திருப்பதால், அதன் முழு நீளமும் பனியைத் தொடாது. தட்டை வால் கொண்ட ஸ்கீயை விட அதே நீளத்தில் கட்டையாகவே நடந்துகொள்ளும். நிமிர்ந்து நிற்கும்போது மூக்கிலிருந்து உச்சந்தலை வரைக்குள் ஒரு நீளத்தை எடுங்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 160 முதல் 170 வரை. ரெயிலில் சுழல்வதுதான் ஆசை என்றால் கீழ்ப்பக்கம், ஜம்புதான் ஆசை என்றால் மேல்பக்கம்.

நம்பிக்கை 6: "பார்க் ஸ்கீ பார்க்குக்கு மட்டும்தான். மலையில் ஓட்ட வேறு சோடி வேண்டும்."

உண்மை: இந்த ஸ்கீ பிறந்த கதையே இதற்குப் பதில். 1990களில் மேற்குக் கனடாவின் விஸ்லரில் ஸ்கீ வீரர் மைக் டக்ளஸும் அவருடைய தோழர்களும் மேடுபள்ள ஸ்கீயின் இறுக்கமான போட்டி விதிகளில் சலித்துப்போய், அதுவரை ஸ்னோபோர்டர்களின் இடமாக இருந்த பார்க்குகளில் துள்ளத் தொடங்கினார்கள். பின்பக்கமாகவும் புறப்பட்டு இறங்கக்கூடிய ஸ்கீ ஒன்று வேண்டுமென்று நிறுவனங்களிடம் கேட்டார்கள். சில நிறுவனங்கள் மறுத்தன, சலமன் ஏற்றுக்கொண்டது. 1998 இல் வந்த சலமன் 1080 இப்படிப் பிறந்ததுதான்; மூன்று முழுச் சுழற்சிக்கான பாகைக் கணக்கே அதன் பெயர். அவர்கள் பார்க்கில் மட்டும் ஓட்டவில்லை, முழு மலையையும் அதே ஸ்கீயில் ஓட்டினார்கள்.

தொடங்குபவர் ஒரு நாளில் பார்க்கில் இருக்கும் நேரத்தை விடச் சாதாரணச் சரிவில் இருக்கும் நேரமே கூட. ஆகவே உங்கள் மலையைப் பார்த்து ஸ்கீ எடுங்கள். ஒன்ராறியோவின் இறுகிய, பல நாள் பனிக்கட்டியாகவே கிடக்கும் சரிவுகளுக்குப் பாதத்தின் கீழே 80 முதல் 90 மில்லிமீட்டர் அகலம் போதும். விளிம்பு சீக்கிரம் பிடிக்கும். ஆழமான பனி விழும் விஸ்லர் பக்கம் என்றால் 95 வரை போகலாம்.

கடையில் ஒரு சோடியை எடுத்து அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் தொட்டு, நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது கேம்பர். அமுக்கி விட்டால் வில்லைப்போல் எழும்பும். ஜம்புக்குத் துள்ளலும் பனிக்கட்டியில் பிடியும் அதிலிருந்து கிடைக்கும். நுனிகள் வெகு தூரத்திலிருந்தே விலகிப் பிரிந்தால் ரொக்கர். விளிம்பு தட்டாமல் சுழலவும் வளைக்கவும் சுகம், கடினப் பனியில் பிடி குறைவு. தொடங்குபவருக்கு நடுவில் கேம்பரும் நுனிகளில் சிறிது ரொக்கரும் கலந்தது நல்ல துணை.

நம்பிக்கை 7: "பைண்டிங்கை ஸ்கீயின் நட்ட நடுவில் பூட்ட வேண்டும்."

உண்மை: வீடியோவில் பார்க்கும் வீரர்கள் பலர் அப்படிப் பூட்டுவது மெய். சுழலும்போது முன்னும் பின்னும் ஒரே பாரம், பின்பக்கமாக ஓடவும் சமநிலை. ஆனால் நட்ட நடுவில் பூட்டினால் முன்னால் கிடைக்கும் ஸ்கீ குறைந்துவிடும். மென்பனியில் நுனி அமிழும், சற்று முன்சாய்ந்து இறங்கினாலும் தாங்குவதற்கு நீளம் இருக்காது. பார்க் ஸ்கீயில் நிறுவனம் குறித்திருக்கும் கோடு பெரும்பாலும் நடுவிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். முதல் ஸ்கீயை அந்தக் கோட்டிலேயே பூட்டுங்கள். ஒரு முறை துளை போட்ட பின் சில மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு துளை போட முடியாது. எங்கே நிற்பது பிடிக்கும் என்று தெரியாவிட்டால், தண்டவாளத்தில் முன்பின் நகர்த்தக்கூடிய பைண்டிங் எடுக்கலாம்.

நம்பிக்கை 8: "பார்க்கில் பைண்டிங் கழன்றுவிடும். டின் எண்ணைக் கூட்டி வை."

உண்மை: இதை நம்பித் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். டின் என்பது எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்ற கணக்கு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் பாணி என்று ஐந்தும் சேர்ந்த அட்டவணையிலிருந்து அது வருகிறது. தைரியத்துக்கு அதில் இடம் இல்லை. எண்ணைக் கூட்டினால், விழும்போது கழல வேண்டிய ஸ்கீ கழலாமல் காலைத் திருகும். பைண்டிங் முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பைக் காப்பதற்கென்று செய்யப்பட்டது. சரியாக அமைத்தாலும் முழங்காலின் முன் தசைநாரை அது நிச்சயமாகக் காக்கும் என்று சொல்ல முடியாது. சரியில்லாமல் அமைத்தால் எலும்புக்கும் காவல் இல்லை.

வேண்டாத நேரத்தில் கழன்றால் முதலில் வேறு காரணங்களைப் பாருங்கள். பூட்ஸின் அடியில் பனி அப்பியிருக்கிறதா? பூட்ஸின் முன்பின் உதடுகள் தேய்ந்திருக்கின்றனவா? பின்கட்டையின் முன்னழுத்தம் பூட்ஸின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா? நடப்பதற்கு வசதியான கிரிப்வாக் அடி கொண்ட பூட்ஸை அதை ஏற்காத பைண்டிங்கில் மாட்டியிருக்கிறீர்களா? பூட்ஸை மாற்றிய ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தொழில்நுட்பரிடம் கொடுத்துச் சோதியுங்கள். உங்கள் எடையையும் ஓட்டும் திறனையும் அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

நம்பிக்கை 9: "ரெயிலுக்குப் போகமுன் விளிம்பு முழுவதையும் மழுக்க வேண்டும்."

உண்மை: கூரான விளிம்பு இரும்பில் தட்டினால் ஆள் முகங்குப்புற விழுவார், அது சரி. அதற்கு முழு ஸ்கீயையும் மழுக்கினால் பார்க்குக்குப் போகும் வழியில் இருக்கும் பனிக்கட்டிச் சரிவில் நிற்க முடியாது. நுனிகளின் வளைவிலும் பாதத்தின் கீழேயும் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்தால் போதும். விரல் நகத்தை விளிம்பில் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சீவாமல் வழுக்கினால் அங்கே நிறுத்துங்கள். தொடக்கத்தில் நீங்கள் ஏறப்போவது அகலமான பொக்ஸில்தான்; அதில் விளிம்பைப் போடாமல் ஸ்கீயைத் தட்டையாக வைக்கப் பழகுவதே முதல் பாடம்.

இந்த ஒன்பதையும் அலசிய பிறகு என் தீர்ப்பு இதுதான்: தொடங்குபவரின் பாதுகாப்பும் முன்னேற்றமும் முதலில் பூட்ஸின் பொருத்தத்தில், அடுத்துச் சரியாக அமைத்த பைண்டிங்கில், அதன் பிறகே ஸ்கீயில் இருக்கின்றன. என் பெறாமகன் 25.5 பூட்ஸுக்கு மாறிய நாளில் அதே பழைய ஸ்கீயைத்தான் மாட்டியிருந்தான். மாலை நாலு மணிக்கு லிஃப்ட் நிற்கும் வரை அவன் வாங்குப் பக்கம் வரவில்லை.

பெற்றோரே, பிள்ளைகளே, இந்தப் பருவத்தில் கடைக்குள் நுழைந்ததும் சுவரில் சாத்தியிருக்கும் வண்ண ஸ்கீகளிடம் போகாதீர்கள். கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றி, "முதலில் காலை அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அளக்காமல் பூட்ஸை நீட்டும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.